மூலம் என்று மூடிவைக்கும் மாதங்கள்: குடல் புற்றுநோயின் தொடக்க நிலையும் ஐந்தாண்டுக் கணக்கும்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ வந்த புற்றுநோய் குடலோடு நிற்கும்போதே பிடிபட்டால், ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம், அதாவது நோய் தெரிந்து ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்களின் பங்கு, 91 சதவீதம். பக்கத்து நிணநீர் முடிச்சுகளை எட்டிய பிறகு என்றால் 74. ஈரல், நுரையீரல் என்று தொலைவுக்குப் போன பிறகு என்றால் 15 சொச்சம். அமெரிக்க தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கு இது. அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு என்பதால், வேறு காரணங்களால் வரும் மரணங்கள் இதில் கழிந்துவிடுகின்றன. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே தரத்து மருத்துவம். அப்படியிருந்தும் 91க்கும் 15க்கும் நடுவே இவ்வளவு பள்ளம் இருப்பதற்கு முதன்மையான காரணம், நோய் எந்தக் கட்டத்தில் கண்ணில் பட்டது என்பதுதான்.

பல நாடுகளின் பதிவேடுகளை ஒன்றாக ஆராய்ந்து 2018ல் லான்செட் இதழில் வந்த கான்கார்ட் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கான ஐந்தாண்டுப் பிழைப்பு தென்கொரியாவில் 70 சதவீதத்தைத் தாண்டியது. இந்தியாவில் 40க்கும் கீழே. கொரியருக்கு வரும் நோய் சாதுவானது, நமக்கு வருவது மூர்க்கமானது என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. அங்கே தொடக்கக் கட்டங்களிலேயே வருகிறவர்கள் அதிகம். இங்கே பெரும்பாலோர் கடைசி இரண்டு கட்டங்களில் வருகிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பள்ளத்தை எங்கே நிரப்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நாடு முழுக்க எல்லோருக்கும் ஸ்கோப் (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி) போடு என்ற மேற்கத்திய விடை இங்கே பொருந்தாது. மலத்தோடு ரத்தம் போகிற ஒருவரை மூன்று வாரத்துக்குள் சரியான பரிசோதனை மேசைக்குக் கொண்டுபோவதுதான் இங்கே முதலில் பலன் தரும். அதற்கான கணக்கைக் கீழே பார்க்கலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது

இந்தியாவில் வயதைச் சரிசெய்த நிகழ்வு விகிதம் (ஆண்டுக்குப் புதிதாக நோய் வருவோரின் அளவு), இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகப் பதிவேடுகளின்படி, ஆண்களில் பெருங்குடலுக்கு லட்சத்துக்கு 4.4, மலக்குடலுக்கு 4.1. பெண்களில் பெருங்குடலுக்கு 3.9. மேற்கு நாடுகளோடு பார்த்தால் பல மடங்கு குறைவு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 65 முதல் 70 ஆயிரம் புதிய நோயாளிகள் என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள் சொல்லும் அளவு. அதாவது மொத்த மக்கள்தொகையில் லட்சத்துக்கு ஐந்து பேர். 2011 கணக்கெடுப்பில் தருமபுரிக்கு 15 லட்சம், கிருஷ்ணகிரிக்குக் கிட்டத்தட்ட 19 லட்சம் மக்கள். தேசிய விகிதத்தையே இங்கும் வைத்தால் இரு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 170 பேர் அளவில் வரும். இது வெறும் பெருக்கல் கணக்கு. மாவட்ட வாரியான உண்மையான எண்ணிக்கையைத் தருவது, அடையாறு புற்றுநோய் நிலையம் ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் வேலை.

170 என்பது சின்ன எண்தான். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரைத்தான் பார்ப்பார். அதே மருத்துவர் மூல நோயாளிகளை வாரம்தோறும் பார்ப்பார். தாமதத்தின் விதை இங்கேதான் இருக்கிறது. அடிக்கடி பார்க்கும் நோய் அரிதாகப் பார்க்கும் நோயை மறைத்துவிடுகிறது.

வயதைப் பற்றியும் ஒரு தவறான முடிவு பரவலாக இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 800 குடல் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த தணிக்கையில் சராசரி வயது 47 என்று வந்தது. ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் மலக்குடல் புற்று. அமெரிக்காவில் நோய் தெரியவரும் நடு வயது 66. இதைப் பார்த்துவிட்டு ‘நம்மவர்களுக்கு இருபது வருஷம் முன்னாடியே வந்துவிடுகிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி மக்கள்தொகையின் வடிவத்திலிருந்து வருகிறது. நம்மிடம் இளையவர்கள் அதிகம், எழுபது தாண்டியவர்கள் குறைவு. அந்த முதியவர்களிடமும் இந்த நோய் மேற்கைவிடக் குறைவு. ஆகவே நோயாளிகளின் சராசரி வயது தானாகக் கீழே இறங்கும். ஆனால் நடைமுறையில் இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது: ‘முப்பத்தெட்டு வயசுதானே, புற்றெல்லாம் இருக்காது’ என்று நம் ஊரில் சொல்லிவிட முடியாது. ஐம்பது வயதுக்குக் கீழே இந்த நோய் கூடிவருவதை அமெரிக்காவில் 1990களிலிருந்தே கவனித்து, 2021ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நூறு கிராம் கேழ்வரகில் 11 கிராம் நார்ச்சத்து, தீட்டிய பச்சரிசியில் மூன்றுக்கும் குறைவு. முழுத்தானிய நார்ச்சத்து குடல் புற்றின் அபாயத்தைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. களியை விட்டு வெள்ளைச் சோற்றுக்கும் பரோட்டாவுக்கும் போனது இந்த இரு மாவட்டங்களுக்கும் நல்லதில்லை. கூட்டும் காரணங்கள் என்று உறுதியானவை: மது, புகை, இடுப்பைச் சுற்றிய பருமன், சர்க்கரை நோய், அசையாமல் உட்கார்ந்திருப்பது, பதப்படுத்திய இறைச்சி, ரத்த உறவில் இதே நோய். நம் பக்கத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. குடல் புற்றுக்கு நிறுவப்பட்ட காரணங்களில் அது இல்லை.

தொடக்க நிலை என்றால் என்ன

குடல் சுவர் அடுக்கடுக்காக இருக்கிறது. உள்ளே சளிப்படலம், அதன் கீழே ஒரு தளர்வான அடுக்கு, பிறகு தசை, வெளியே கொழுப்பும் உறையும். பெரும்பாலான குடல் புற்றுகள் சளிப்படலத்தில் முளைக்கும் பாலிப் என்ற சிறு சதைவளர்ச்சியாகத் தொடங்கி, பத்தாண்டு அளவில் மெல்ல மாறுகின்றன. இவ்வளவு நீண்ட அவகாசம் வேறு பல புற்றுநோய்களில் கிடைப்பதில்லை.

கட்டி தளர்வான அடுக்கோடு நின்றால் டி1, தசைக்குள் போனால் டி2, தசையைத் தாண்டிக் கொழுப்பைத் தொட்டால் டி3, வெளி உறையைக் கிழித்தால் அல்லது பக்கத்து உறுப்பில் ஒட்டினால் டி4. நிணநீர் முடிச்சு சுத்தமாக இருந்தால் என்0, ஒன்று முதல் மூன்று முடிச்சில் இருந்தால் என்1, நான்கும் அதற்கு மேலும் என்றால் என்2. முடிச்சில் இல்லாத டி1, டி2 இரண்டும் முதல் கட்டம். முடிச்சில் இல்லாத டி3, டி4 இரண்டாம் கட்டம். முடிச்சில் இருந்தால் மூன்று. தொலைவுக்குப் போயிருந்தால் நான்கு.

கட்டத்தின் எண் கூடக்கூடப் பிழைப்பு குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெருங்குடல் நோயாளிகளின் 1991 முதல் 2000 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2004ல் வெளியான கணக்கு வேறு மாதிரி இருந்தது. முதல் கட்டத்துக்கு 93.2 சதவீதம். இரண்டில் டி3 பிரிவுக்கு 84.7, டி4 பிரிவுக்கு 72.2. மூன்றாம் கட்டத்தின் முதல் பிரிவான, கட்டி தசையைத் தாண்டாமல் ஒன்று முதல் மூன்று முடிச்சில் மட்டும் பரவிய நிலைக்கு 83.4! மூன்றின் கடைசிப் பிரிவுக்கு 44.3, நான்காம் கட்டத்துக்கு 8.1.

முடிச்சுக்குப் போன நோயாளி, முடிச்சுக்குப் போகாத டி4 நோயாளியைவிட நன்றாக இருக்கிறார். காரணங்களில் ஒன்று, மூன்றாம் கட்டம் என்றதும் கீமோ தருவார்கள், இரண்டு என்றால் பலருக்குத் தருவதில்லை. மற்றொன்று, சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த கட்டி வயிற்றுக்குள் விதை தூவிவிடுகிறது. இன்னொன்று, முடிச்சுகளைச் சரியாக எண்ணாததால் மூன்றாம் கட்டத்து ஆட்கள் இரண்டாம் கட்டம் என்று பதிவாகியிருப்பார்கள். இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அது நோயாளி கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

எண்கள் ஏமாற்றும் இடம்

ஐந்தாண்டுப் பிழைப்பு கூடியது என்ற செய்தியைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. ஒருவர் 60 வயதில் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் கொட்டி 58ல் நோய் தெரிந்தால் அவர் இரண்டு வருடம் பிழைத்தவர். அறிகுறி எதுவும் இல்லாமல் 54லேயே பரிசோதனையில் தெரிந்து, சிகிச்சை எதையும் மாற்றாமல் அதே 60ல் இறந்தால், ஐந்தாண்டைத் தாண்டிய வெற்றியாளர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். ஆயுள் ஒரு நாள்கூட நீளவில்லை, கடிகாரத்தை முன்னதாக ஓடவிட்டதுதான் நடந்தது. அதோடு, மெதுவாக வளரும் கட்டிதான் நீண்ட காலம் உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பதால் பரிசோதனையில் அதிகமாக மாட்டுவதும் அதுதான். வேகமாக வளர்வது இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே வந்து ஆளைச் சாய்க்கும்.

சி.டி., எம்.ஆர்.ஐ. மேம்பட்டாலும் இதேபோல ஒரு மாயம் நடக்கும். ஈரலில் இருந்த சின்னப் புள்ளி முன்பு தெரியாமல் மூன்றாம் கட்டம் என்று எழுதப்பட்டவர், இன்று நான்காம் கட்டம் என்று எழுதப்படுவார். மூன்றிலிருந்து மோசமானவர் விலகியதால் மூன்றின் சராசரி உயரும். நான்கில் இருந்தவர்களைவிட இவர் நிலை மேல் என்பதால் நான்கின் சராசரியும் உயரும். யாருக்கும் ஒரு நாள் கூடவில்லை.

ஆகவே தொடக்க நிலையில் பிடிப்பது உண்மையில் உயிரைக் காக்கிறதா என்று பார்க்கப் பிழைப்பு விகிதம் போதாது, மக்கள்தொகையில் இறப்பு விகிதம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குடல் புற்றுநோய் இந்தத் தேர்வில் தேறியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆண்டுதோறும் மலத்தில் மறைரத்தம் (கண்ணுக்குத் தெரியாத ரத்தம்) பார்த்த குழுவில் இந்த நோயால் இறப்பு 33 சதவீதம் குறைந்ததாக 1993ல் முடிவு வந்தது. 2022ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்ட குழுவில் நோய் நிகழ்வே 18 சதவீதம் குறைந்தது. அழைத்தவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாலிப்பை வெட்டி எடுப்பதால் வரவிருந்த புற்றே வராமல் போகிறது.

எல்லோருக்கும் பரிசோதனை: நம் ஊர்க் கணக்கு

மலத்தில் மனித ரத்தப் புரதத்தை மட்டும் தேடும் ஃபிட் சோதனை, புற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேரைக் காட்டிக்கொடுக்கும், இல்லாதவர்களில் 94 பேரைச் சரியாக விட்டுவிடும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அளவு. ஐம்பது தாண்டிய 10,000 பேரில் பத்துப் பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் பிடிபடுவார்கள், இரண்டு பேர் தப்புவார்கள். புற்று இல்லாத 9,990 பேரில் 600 பேருக்கும் சோதனை பாசிட்டிவ் என்று வரும். அதாவது எட்டுப் புற்றுக்கு 608 கொலோனோஸ்கோப்பி. அந்த அறுநூறில் சிலருக்குப் பாலிப் கிடைத்து வெட்டப்படும், அது லாபம்தான். ஆனால் நோய் அரிதான ஒரு பகுதியில், ஸ்கோப் போடத் தெரிந்த கைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது, அந்த 608 பேரின் வரிசைக்குப் பின்னால் உண்மையாகவே ரத்தம் போகிறவர் காத்துக்கிடப்பார். அது நடக்கவே கூடாது.

தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் பரிசோதனை இருக்கிறது, குடலுக்கு இல்லை. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. அறிகுறி உள்ளவரைத் தேடிப் பிடிப்பதற்கு மட்டும் எந்தச் சாக்கும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் பணியாளர் ‘வெளிக்குப் போகும்போது ரத்தம் போகுதாம்மா? எத்தனை நாளா?’ என்ற கேள்வியையும் கேட்டால் போதும். கூடுதல் செலவில்லாமல் கட்டத்தைக் கீழே இறக்கும் வழி அது.

ஃபிட் சோதனை செய்வோருக்கு ஒரு எச்சரிக்கை. வெயிலில் ரத்தப் புரதம் சிதைந்துவிடும்; கோடையில் பாசிட்டிவ் விகிதம் குறைவதை வெளிநாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஊத்தங்கரை வெயிலில் பைக் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த குப்பி நெகட்டிவ் என்று சொன்னால் நம்பக் கூடாது. மாதிரி எடுத்த அன்றே குளிர்ச்சியில் வைத்து லேபுக்குப் போக வேண்டும். கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர் இந்தச் சோதனையின் நெகட்டிவ் முடிவை நம்பி வீட்டில் உட்காரவும் கூடாது.

தாமதம் எங்கே நடக்கிறது

குடலின் உள்படலத்துக்கு வலி தெரியாது. தொடக்க நிலைக் கட்டி அதனால்தான் வலிப்பதில்லை. வலி இல்லை என்பதே பலருக்குத் தைரியமாகிவிடுகிறது. ரத்தம் தெரிந்தால் உடம்பு சூடு, மூலச்சூடு. துத்தி இலை வதக்கிச் சாப்பிடு, கருணைக்கிழங்கு வாங்கு, மோர் குடி. ஒரு மாதம் போகும். ரத்தம் தானாக நிற்கும். கட்டியிலிருந்து வரும் ரத்தமும் இடைவெளி விட்டுத்தான் வரும் என்பதால், நின்றதற்கான பெருமை இலைக்குப் போய்விடும். அடுத்தது மருந்துக்கடை மாத்திரை. அதன் பிறகு, பேருந்து நிலையச் சுவரெங்கும் எழுதியிருக்கும் மூலம், பவுத்திர வைத்தியம். விரலால்கூடச் சோதிக்காமல் ஊசியோ காரநூலோ (மருந்து தடவிய நூல்) போட்டுவிடும் இடத்தில் ஆறு மாதம் கரைந்துபோகும். மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். மூலம் இருப்பது உறுதியானதால் மேலே பார்க்க வேண்டியதில்லை என்று நிறுத்திவிடுவதுதான் பெரிய பிழை.

மூல ரத்தம் பொதுவாகப் பளிச்சென்ற சிவப்பு, மலம் போன பின் சொட்டும், மலத்தோடு கலக்காது. ஆசனவாய் வெடிப்பில் கத்தியால் அறுப்பது போன்ற வலி இருக்கும். மலத்தோடு கலந்த, கருஞ்சிவப்பான, சீதம் சேர்ந்த ரத்தம், போய்விட்டு வந்தும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு, காலையில் நாலைந்து தடவை ஓடவைத்துக் கொஞ்சமே வருவது, மலம் மெலிந்துபோவது, முன்பு ஒழுங்காக இருந்தவருக்கு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் பழக்கம் மாறுவது. இவையெல்லாம் மலக்குடலையும் இடப்பக்கக் குடலையும் சந்தேகிக்கச் சொல்கின்றன. வேறுபாடுகள் வழிகாட்டத்தான், தீர்ப்புச் சொல்ல அல்ல. பளிச்சென்ற சிவப்பும் கட்டியிலிருந்து வரலாம்.

வலப்பக்கக் குடல் இன்னும் மோசமாக ஏமாற்றும். அங்கே குடல் அகலம், மலம் நீர்த்து இருக்கும், அடைப்பு சீக்கிரம் வராது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து, ஆள் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும். நம் ஊரில் ரத்தசோகை அவ்வளவு சாதாரணம் என்பதால், கொக்கிப்புழு, சத்துக்குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத்திரையில் மலம் கறுத்துப்போவதால், கறுப்பாகப் போகிறது என்று நோயாளி சொன்னாலும் எடுபடாது. ஆணாக இருந்தாலும், மாதவிலக்கு நின்ற பெண்ணாக இருந்தாலும், இரும்புக் குறைவால் வந்த ரத்தசோகைக்குக் காரணம் தேடாமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது பாதி வேலை. ஹீமோகுளோபின் ஏறினாலும் குடலைப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை விரல். மலக்குடல் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், விரல் ஏழெட்டு செ.மீ. வரை எட்டும். கீழ்ப்பகுதிக் கட்டிகளை ஒரு கையுறையும் கொஞ்சம் ஜெல்லியும் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொட்டுவிடலாம். நம்மிடம் மலக்குடல் புற்றின் பங்கு அதிகம் என்பதால் இந்த ஒரு நிமிடச் சோதனைக்கு இங்கே மதிப்பு இன்னும் கூடுதல். கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெண் நோயாளிக்குப் பெண் செவிலியர் கூட இருக்க, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துச் செய்தால் பலர் சம்மதிப்பார்கள். நோயாளியே ‘விரல் விட்டுப் பாத்துடுங்க டாக்டர்’ என்று கேட்கலாம், அதில் தவறே இல்லை.

கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராவது

விரலில் எதுவும் படவில்லை என்றால் முழுக் குடலையும் பார்க்க வேண்டும். இது தோற்பது பெரும்பாலும் மருத்துவரால் அல்ல, சுத்தமாகாத குடலால். மூன்று நாள் முன்பிருந்தே களி, கீரை, கொள்ளு, காராமணி, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். கேழ்வரகு நல்ல உணவு என்றாலும் அதன் உமி குடல் மடிப்பில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு சின்னப் பாலிப்பை மறைக்கும். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் போதும். இரும்பு மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை போடுகிறவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

வழக்கமாகக் கொடுக்கும் பேதிப்பொடி 137 கிராம் பொட்டலத்தை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிப்பது. பாதியை முதல் நாள் மாலையும், மீதியைச் சோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடித்தால், எல்லாவற்றையும் முதல் நாளே குடிப்பதைவிடக் குடல் நன்றாகச் சுத்தமாகும். நடுவே இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும். சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லாம் நிறுத்தம். கடைசியாகப் போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். கலங்கலாகப் போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருகிறவர் காலையில் பொடியைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏற முடியாது. முதல் நாளே மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கவோ, உள்நோயாளியாகச் சேரவோ கேட்பதுதான் வழி. இதைத் தேதி கொடுக்கும்போதே கேட்க வேண்டும். பலர் வராமல் போவதற்கு பயத்தைவிட இதுதான் காரணம்.

அறிக்கையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஸ்கோப் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா? வெளியே இழுக்கும்போது குறைந்தது ஆறு நிமிடம் எடுத்துப் பார்த்தார்களா? பாதியில் நின்ற ஸ்கோப் நார்மல் ஸ்கோப் அல்ல.

தொடக்க நிலைக்கு என்ன சிகிச்சை, எங்கே வழுக்கும்

பாலிப்பின் தலையில் மட்டும் புற்று இருந்து, வெட்டு விளிம்பு சுத்தமாக இருந்து, ரத்தக்குழாய், நிணநீர்க்குழாயில் செல்கள் இல்லாமல், செல்களின் தோற்றமும் மோசமாக இல்லாவிட்டால், வெட்டியெடுத்ததோடு சிகிச்சை முடியலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தக் குடல் பகுதியை முடிச்சுகளோடு எடுப்பார்கள். முதல் கட்டத்துக்கு அறுவைக்குப் பின் கீமோ தேவையில்லை. பணம் செலவழிக்கத் தயாராக இருக்கிறோம், கொஞ்சம் போட்டுவிடுங்கள் என்று கேட்பதில் பயனில்லை.

அறுவைக்குப் பின் வரும் நோயியல் அறிக்கையில் குறைந்தது 12 முடிச்சுகளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஆறு முடிச்சில் எதுவுமில்லை என்றால் இரண்டாம் கட்டம் என்று ஆறுதல் அடைய முடியாது. பார்க்காத முடிச்சில் இருந்திருக்கலாம். குறைவாக எண்ணியதே கீமோவைப் பரிசீலிக்க ஒரு காரணம். டி4, குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசர அறுவை நடந்தது, குழாய்களில் செல்கள் ஆகியவையும் இரண்டாம் கட்டத்தில் அபாயத்தைக் கூட்டுபவை. செல்களின் மரபணுப் பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்ற சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் புரதம் குறைந்த இரண்டாம் கட்டக் கட்டிக்கு 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தை மட்டும் தருவதால் பலனில்லை. குடும்பத்தில் குடல் புற்றுநோயைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்கூட்டுக்கும் அது முதல் துப்பு.

மலக்குடல் என்றால் கத்திக்கு முன் எம்.ஆர்.ஐ. கட்டி தசையைத் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருந்தால் அல்லது முடிச்சு பெருத்திருந்தால் முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள். ஐந்தரை வாரம், 28 தவணை, கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரையோடு. அல்லது ஐந்தே நாள் குறுகிய முறை. தினமும் போய்வர முடியாத கிராமத்தவருக்குக் குறுகிய முறை பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. முதல் கட்டக் கட்டி என்றால் பெரும்பாலும் நேராக அறுவைதான். மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையை முழுசாகக் கிழியாமல் எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982ல் முன்வைத்த பிறகு, அதே இடத்தில் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. இதில் பழகிய கை முக்கியம். வயிற்றில் பை வைப்பார்கள் என்ற பயத்தில் அறுவையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. இணைப்பு ஆறும்வரை வைக்கும் தற்காலிகப் பையைச் சில மாதத்தில் மூடிவிடுவார்கள். தள்ளிப்போட்டால்தான் கட்டி சுருக்குத்தசையைத் தொட்டு, பை நிரந்தரமாகும்.

மூன்றாம் கட்டத்துக்கு ஆக்சாலிப்ளாட்டின் சேர்ந்த கீமோ, அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். முடிச்சு குறைவாக, கட்டி டி4 ஆகாமல் இருந்தால் ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் போதும் என்று 2018ல் வெளியான கூட்டு ஆய்வுக்குப் பிறகு பலர் பின்பற்றுகிறார்கள். கை கால் மரத்துப்போவது இந்த மருந்தின் குணம். ஊசி போட்ட சில நாள் பானைத் தண்ணீரைக்கூடத் தொண்டை தாங்காது, வெதுவெதுப்பாகவே குடிக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் எடுக்க வேண்டும். நோய் தெரிந்த பிறகு ஓடாமல் ஸ்கோப் தேதிக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே எடுத்துவைப்பது நல்லது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இரண்டும் தொடக்கச் சோதனைக்கு அருகில் இருக்கின்றன. மேற்சிகிச்சைக்குச் சேலம், வேலூர், அடையாறு, ஓசூர்ப் பக்கத்தவருக்குப் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. மாநில எல்லையைத் தாண்டும் முன் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். அதனால் இரண்டாம், மூன்றாம் கட்டம் முடித்தவர்களுக்கு சி.இ.ஏ. (கட்டி திரும்புவதைக் காட்டக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு ஆண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்தாண்டு முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சி.டி. ஆண்டுக்கு ஒரு முறை. கொலோனோஸ்கோப்பி ஓராண்டில், அது சுத்தமாக இருந்தால் மூன்றாண்டு கழித்து, பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. முதல் கட்டத்தவருக்கும் இந்த ஸ்கோப் வரிசை உண்டு. கட்டி அடைத்துக்கொண்டதால் முதலில் முழுக்குடலையும் பார்க்க முடியாமல் போயிருந்தால் அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மீதியைப் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது கட்டி ஒன்று அங்கே இருக்கலாம்.

நோயாளியின் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது நோயாளிக்குத் தெரியவந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பு, இரண்டில் எது முந்தியதோ அப்போது முதல் ஸ்கோப் பார்க்க வேண்டும். 43 வயதில் அப்பாவுக்கு வந்திருந்தால் மகனுக்கு 33. இதற்காகவாவது பயாப்சி ஸ்லைடையும் சதை மாதிரியைப் பதித்த மெழுகுக் கட்டையையும் அறுவை அறிக்கையையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கி, ஈரம் படாமல் வீட்டில் வையுங்கள்.